கணினிக்கு உதிரி பாகம் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்த பிறகு, சிட்டையும் பேரேடுமாக இருந்த சிறிய மளிகைக் கடைகளிலும் பில் போட ஒரு கணினி வந்துவிட்டது. அது ஓடுகிற வரையில் அதைப் பற்றி நாம் நினைப்பதில்லை. நின்றுவிட்டால்தான் கவலை. ரிப்பேர் செய்ய வருகிறவர் "ஒரு பார்ட் மாத்தணும் சார்" என்கிறார். நாமும் "மாத்துங்க" என்று சொல்லிவிடுகிறோம். மூட்டையில் ஊசி போட்டுப் பார்க்காமல் அரிசி லோடு இறக்காத நாம், இந்த ஒரு கொள்முதலில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

நம் கடைகளில் இருக்கும் கணினிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ரிச்சி தெரு போன்ற இடங்களில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த அசெம்பிள் கணினி. மற்றொன்று, பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் உபயோகித்துக் கழித்துவிட்ட கம்பெனிக் கணினி. இரண்டாவது வகை கம்பெனி சரக்கு ஆயிற்றே, மாடல் பெயரைச் சொன்னால் சரியான பாகம் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கேதான் தவறு நேருகிறது. அந்த அலுவலகம் ஆர்டர் கொடுக்கும்போது தனக்கு வேண்டிய பிராசஸர், மெமரி, டிஸ்க் எல்லாவற்றையும் தானே தேர்ந்தெடுத்திருக்கும். அதைப் பழைய விலைக்கு வாங்கி விற்றவர் மெமரியைக் கூட்டியிருப்பார், டிஸ்க்கை மாற்றியிருப்பார். வெளியே பெயர் ஒன்றுதான், உள்ளே சரக்கு வேறு.

ஓர் உதாரணம். டெல் ஆப்டிபிளெக்ஸ் 3050 என்ற கணினி 2017-இல் வந்தது. பெரிய பெட்டி, சிறிய பெட்டி, மிகச் சிறிய மைக்ரோ எனப் பல உருவங்களில் அதே 3050 என்ற பெயரில் விற்றார்கள். முதல் இரண்டில் சாதாரண மேஜைக் கணினி மெமரி போகும். மைக்ரோவில் லேப்டாப்பில் போடுகிற குட்டை மெமரிதான் போகும். அதற்கு உள்ளே எஸ்எம்பிஎஸ் கிடையாது, வெளியே அடாப்டர். "3050-க்கு ஒரு ராம் கொடுங்க" என்று போனில் கேட்டால் எது வரும்?

எங்கள் கடைவீதியில் ஒரு பருப்பு வியாபாரிக்கு, சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளி வாரத்தில் இப்படித்தான் ஆயிற்று. மாடல் பெயரை மட்டும் சொல்லி வெளியூரிலிருந்து வரவழைத்த எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் நுழையவே இல்லை. திருப்பி அனுப்பி வேறு வருவதற்குள் மூன்று நாள். அத்தனை நாளும் கையால் பில் எழுதி, பிறகு இரவு உட்கார்ந்து ஏற்றினார்கள். ஆண்டு விற்பனை 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். பதிவு பெற்ற வியாபாரிக்கு அவர்கள் கையெழுத்து பில் கொடுத்துச் சமாளிக்கவும் முடியாது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பெட்டியின் முதுகில் அல்லது பக்கவாட்டில் ஒட்டியுள்ள ஸ்டிக்கர். டெல் என்றால் 7 எழுத்து, எண் கொண்ட சர்வீஸ் டேக் இருக்கும். எச்பி, லெனோவா என்றால் சீரியல் எண்ணும், அத்துடன் புராடக்ட் எண் அல்லது மெஷின் டைப்பும் இருக்கும். இதைக் கம்பெனியின் இணையதளத்தில் கொடுத்தால், அந்தக் குறிப்பிட்ட பெட்டி தொழிற்சாலையை விட்டு எப்படி வந்தது என்ற விவரம் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் அது பிறந்த அன்றைய ஜாதகம்தான். இடையில் மாற்றியது எதுவும் அதில் இராது. அதனால் பெட்டியைத் திறந்து, கழற்றிய பாகத்தின் மேலேயே உள்ள ஸ்டிக்கரையும் பார்த்தாக வேண்டும்.

அந்த ஸ்டிக்கரில் நாலைந்து எண்கள் இருக்கும். எஸ்/என் என்பது அந்த ஒரு துண்டுக்கு மட்டும் உரிய எண். பிஸ்கட் பாக்கெட்டில் பேட்ச் நம்பர் போல, அதைச் சொல்லிச் சரக்கு கேட்க முடியாது. பி/என் என்பதுதான் சரக்கின் எண். லெனோவாவில் எஃப்ஆர்யூ என்றும், எச்பியில் ஸ்பேர் என்றும், டெல்லில் டிபி/என் என்றும் போட்டிருப்பார்கள். எது எதென்று தெரியாவிட்டால் முன்னும் பின்னும் செல்போனில் படம் எடுத்து அனுப்பிவிடுவது உத்தமம்.

மெமரியில்தான் ஏமாற்றம் அதிகம். ஸ்டிக்கரில் பிசி3 என்று தொடங்கினால் டிடிஆர்3. பிசி4 என்றால் டிடிஆர்4. ஒன்றின் இடத்தில் மற்றொன்று போகாது, நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தி மாட்டப் பார்த்தால் ஸ்லாட்தான் உடையும். பிசி3-க்கு அடுத்து எல் என்ற எழுத்து இருந்தால் அது 1.35 வோல்ட் வகை. சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட். பழையதில் எல் இருந்தால் புதியதிலும் எல் கேட்டு வாங்குங்கள். பழைய சர்வரிலிருந்து கழற்றிய மெமரி சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் சாதாரணக் கணினி கிளம்பாது. ஸ்டிக்கரில் வேக எண்ணைத் தாண்டி ஆர் என்ற எழுத்து இருந்தால் அது சர்வர் சரக்கு. மேஜைக் கணினிக்கு யூ எழுத்து இருக்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் வாட் மட்டும் பார்த்தால் போதாது. அசெம்பிள் கணினியில் போர்டுக்குப் போகும் பிளக் 24 முனை. கம்பெனிக் கணினிகள் பலவற்றில் அதைவிடக் குறைவு, பெட்டியின் அளவும் அவர்கள் இஷ்டம். 1998-லிருந்து சில ஆண்டுகள் டெல் விற்ற கணினிகளில் பிளக் பார்க்க மற்றவர்களுடையது போலவே இருக்கும், கம்பி வரிசை மட்டும் வேறு. வெளிச் சந்தை எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டியவர்களின் போர்டு கருகியது. பில் பிரிண்டர் அடாப்டருக்கும் இதே எச்சரிக்கைதான். குண்டூசி முனை பொருந்துகிறது என்று எதையும் செருகக் கூடாது. வோல்ட் பழையதற்குச் சமமாகவும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ, பிளஸ் மைனஸ் படமும் அதேபோலவும் இருக்க வேண்டும்.

பிராசஸர் மாற்றுவதென்றால் சாக்கெட் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். இன்டெல்லின் 6, 7-ஆம் தலைமுறையும், 8, 9-ஆம் தலைமுறையும் எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயரில் வந்தவை. ஒன்றின் போர்டில் மற்றொன்று ஓடாது. எஸ்எஸ்டியில், நீளமான எம்.2 வகைக்குள்ளேயே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு உண்டு. போர்டு எதை ஏற்கும் என்று கேட்டு வாங்க வேண்டும். காலையில் கணினி பழைய தேதியைக் காட்டினால் பெரும்பாலும் சிஆர்2032 என்ற சில்லறைக்காசு பேட்டரிதான் காரணம். விலை அற்பம். பில்லில் தேதி தப்பாக விழுந்தால் கணக்கில் வரும் தொல்லை அற்பமல்ல.

மதர்போர்டை மாற்றச் சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். கம்பெனிக் கணினியோடு வந்த விண்டோஸ் லைசென்ஸ் அந்தப் போர்டோடு கட்டுப்பட்டது, புதுப் போர்டில் மறுபடி ஏற்க மறுக்கலாம். டேலி வைத்திருப்பவர்கள், கணினி ஓடுகிற நிலையில் இருந்தால் முதலில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு, கணக்கைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பிறகு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டியது நம் பொறுப்பு, ரிப்பேர்காரர் பொறுப்பல்ல.

எங்கள் மண்டியில் கணக்குப்பிள்ளையின் மேஜையில் ஒரு 40 பக்க நோட்டு இருக்கிறது. கணினி ஒன்றுக்கு ஒரு பக்கம். சர்வீஸ் டேக், போர்டின் பெயர், மெமரி, டிஸ்க், எஸ்எம்பிஎஸ் எண்கள், மாற்றிய தேதி, யாரிடம் வாங்கியது, வாரண்டி எவ்வளவு என்று எழுதி வைக்கிறோம். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற பகுதியைத் திறந்தால் பாதி விவரம் அதிலேயே கிடைக்கும். கணினி நன்றாக ஓடும்போதே இதை எழுதிவிட வேண்டும், நின்ற பிறகு திரையில் ஒன்றும் தெரியாது.

இடையில் ஒன்று. கணினியை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். எலக்ட்ரானிக் தராசை அப்படித் திறக்கக் கூடாது. முத்திரையை உடைத்துப் பழுது பார்த்தால் மறுமுத்திரை போட்டுத்தான் உபயோகிக்க வேண்டும்.

பாகம் வாங்கும்போது பில்லில் அதன் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். எழுதாத பில்லைக் காட்டி வாரண்டி கேட்டால் "இது நாங்க கொடுத்ததில்லை" என்பார்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிட வேண்டாம். வாரண்டியில் மாற்றிக் கொடுத்தால் பழையதைத் திருப்பிக் கேட்பார்கள். வாங்கும்போதே அதைத் தரவேண்டாத திட்டம் சில கம்பெனிகளில் உண்டு, தனிக் கட்டணம். நம் கொள்முதல் விலையும் பாக்கிக்காரர் பட்டியலும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது.