ஸ்காப்பா ஃப்ளோ: குளிர்நீரில் கிடக்கும் போர்க்கப்பல்கள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகளால் சூழப்பட்ட ஸ்காப்பா ஃப்ளோ என்னும் இயற்கைத் துறைமுகத்தில், முதல் உலகப் போரின் இறுதியில் 74 ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் காவலில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றை ஆங்கிலேயர் கைப்பற்றிவிடுவர் என்று அஞ்சிய அட்மிரல் லுட்விக் ஃபான் ராய்ட்டர் 1919 ஜூன் 21 அன்று கப்பல்களை மூழ்கடிக்க ஆணையிட, 52 கப்பல்கள் அன்றே மூழ்கின. பெரும்பாலானவை பின்னர் மேலே எடுக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. கோனிக், மார்க்கிராஃப், க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம் என்னும் மூன்று பெரும் போர்க்கப்பல்களும் நான்கு குரூசர்களும் இன்றும் அடித்தரையில் கிடக்கின்றன. கனத்த பீரங்கிகளின் பாரத்தால் பெரும் போர்க்கப்பல்கள் கவிழ்ந்து மூழ்கியமையால், இறங்கிச் செல்வோர் முதலில் காண்பது கப்பலின் அடிப்பாகத்தையே. பீரங்கிகளைக் காண அதன் நிழலுக்குள் குனிந்து பார்க்க வேண்டும்.

இங்கே ஆழத்தைவிடக் கடுமையான சோதனை குளிர்தான். கோடையிலும் நீரின் வெப்பநிலை 14 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. நீரோ காற்றைக் காட்டிலும் சுமார் 25 மடங்கு விரைவாக உடலின் சூட்டைக் கவர்ந்துகொள்கிறது. ஆகவே கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாதபடி இறுகப் பொருந்தும் 'டிரை சூட்' என்ற உலர் உடையை அணிகின்றனர். உண்மையில் சூட்டைக் காப்பது அதனுள் அணியும் தடித்த உள்ளுடையும் அதில் தங்கும் காற்றுமே. இறங்கும்போது நீரழுத்தம் அக்காற்றைச் சுருக்குவதால் மேலும் காற்றை உடைக்குள் செலுத்த வேண்டும். ஏறும்போது அது விரிவதால் உடனுக்குடன் வெளியேற்ற வேண்டும், இல்லையேல் மூழ்குநர் கட்டுப்பாடின்றி மேலே தூக்கப்படுவார்.

அப்படி விரைந்து மேலேறுவது உயிருக்கே ஆபத்தானது. 40 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் ஐந்து மடங்காக இருப்பதால், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் திசுக்களிலும் மிகுதியாகக் கரைகிறது. அழுத்தம் சட்டெனக் குறைந்தால் அது குமிழிகளாகி மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்கும். இதுவே அழுத்தநீக்க நோய். இதைத் தவிர்க்க ஏறும் வழியில் குறித்த ஆழங்களில் நின்று காத்திருக்க வேண்டும். குளிரோ கைகால்களின் குருதிக் குழாய்களைச் சுருக்கி, நைட்ரஜன் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. உடல் மிகவும் நடுங்கும் வேளையிலேயே பொறுமை மிகுதியாகத் தேவைப்படுகிறது.

ஜெர்மானியக் கப்பல்கள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட தொல்சின்னங்கள். பார்க்கலாம், எதையும் எடுக்கலாகாது. அதே துறைமுகத்தில் 1939 அக்டோபர் 14 அன்று யு-47 நீர்மூழ்கியின் டார்பிடோவால் மூழ்கிய ராயல் ஓக் கப்பலோ, 800க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த போர்க் கல்லறை. அங்கே பொழுதுபோக்கிற்காக இறங்குவதற்கு எவருக்கும் அனுமதியில்லை என்பது மிகவும் பொருத்தமானதே.