நட்ட மூங்கில் ஏன் இலை கொட்டுகிறது?

தன்னம்பிக்கைக் கூட்டங்களில் தவறாமல் வந்துபோகும் மூங்கில் கதை ஒன்று உண்டு. விதையை ஊன்றி நாள்தோறும் தண்ணீர் விட்டாலும் 4 ஆண்டுக்கு முளையே தலைகாட்டாதாம். ஐந்தாம் ஆண்டில் ஆறே வாரத்தில் 80 அடி உயர்ந்துவிடுமாம். பொறுமையின் பெருமை சரிதான், தாவரவியல்தான் பொய். நல்ல மூங்கில் விதை ஈரமண்ணில் சில வாரங்களிலேயே முளைத்துவிடும். நான்கு ஆண்டு மண்ணுக்குள் கிடந்தால் மட்கித்தான் போகும். ஆனால் கதையைக் கட்டியவர் எங்கோ ஓர் உண்மையை அரைகுறையாகக் கேட்டிருக்கிறார். மூங்கிலின் முதல் சில ஆண்டு உழைப்பு பெரும்பாலும் மண்ணுக்கடியில்தான் நடக்கிறது. இது தெரியாததால், நர்சரியிலிருந்து வாங்கி வந்து நட்ட கன்று மூன்றாம் வாரத்தில் இலை கொட்டியதும் ‘பட்டுப்போச்சு’ என்று பிடுங்கி எறிந்துவிடுகிறோம். அப்படி எறியப்பட்டவற்றில் பல, உயிரோடு இருந்தவைதான்.

இப்போது மூங்கில் நடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலையும் மரக் கணக்கில் சேர்த்திருந்தது. 2017இல் வந்த திருத்தம் அதை நீக்கியதும், பட்டா நிலத்து மூங்கிலை வெட்டி விற்பது எளிதானது. வரப்போரமும் தரிசிலும் வீட்டுச் சுற்றுச்சுவர் ஓரமும் மூங்கில் ஏறிவிட்டது. நடுகிறவர்கள் பலரும் அதை மரக்கன்றைப் பார்க்கும் கண்ணோடு பார்ப்பதில்தான் சிக்கல்.

மூங்கில் புல் குடும்பம். வேப்பமரத்தில் பட்டைக்கு உள்ளே கேம்பியம் என்ற வளர்திசு இருக்கிறது. அது ஆண்டுதோறும் புதிய கட்டையையும் புதிய நீர்க்குழாய்களையும் உண்டாக்குகிறது, மரம் பருக்கிறது. மூங்கிலில் கேம்பியம் இல்லை. மண்ணைக் கிழித்து வரும்போது குருத்துக்கு என்ன பருமனோ, கழிக்குக் கடைசிவரை அதே பருமன்தான். உயரத்தையும் சில மாதங்களில் முடித்துக்கொள்ளும். வேகமாக வளரும் சில இனங்கள் ஒரே நாளில் 91 செ.மீ. வரை உயர்வதாகக் கின்னஸ் பதிவு சொல்கிறது. அந்த வேகத்தில் ஏறும் குருத்தில் இலையே இருக்காது. சாப்பாடு முழுக்கப் பழைய கழிகளிடமிருந்தும், மண்ணுக்குள் எல்லாவற்றையும் இணைத்துக் கிடக்கும் கிழங்கிலிருந்தும் வர வேண்டும்.

ஆகவே, நட்ட கழி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று வாராவாரம் அளப்பது வீண் வேலை. வளர்ந்து முடிந்த கழி இனி உயராது, பருக்கவும் பருக்காது. கிழங்கில் மொட்டு உயிரோடு இருக்கிறதா, அதைச் சுற்றிப் புது வேர் இறங்குகிறதா என்பவை மட்டுமே முக்கியம். இந்த இரண்டும் கண்ணுக்குத் தெரியாது.

நடவு அதிர்ச்சி என்று நாம் சொல்வது, அடிப்படையில் வரவு செலவுக் குளறுபடி. கன்றைப் பெயர்த்து எடுக்கும்போது பெரிய வேர்களைவிட, தண்ணீரை உறிஞ்சும் நுண்வேர்களும் வேர்த்தூவிகளும்தான் அதிகம் அழிகின்றன. இலைகளோ பழைய கணக்கிலேயே நீராவியை வெளியேற்றிக்கொண்டிருக்கின்றன. முதலில் செடி இலைத்துளைகளை மூடுகிறது. அடுத்து, புற்களுக்கே உரிய வித்தையாக, இலையை நீளவாக்கில் சுருட்டிக்கொள்கிறது. அதற்கும் கட்டுப்படாவிட்டால், கழிக்குள் இருக்கும் சைலம் குழாய்களில் இழுவிசை எல்லைமீறி, நீர்த்தொடர் அறுந்து காற்றுக் குமிழி புகுந்துவிடுகிறது. ஓட்டை விழுந்த ஸ்டிராவில் இளநீர் குடித்துப் பார்த்தவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வரும்.

மரமென்றால் அடுத்த ஆண்டு புதுக் குழாய் போட்டுக்கொள்ளும். கேம்பியம் இல்லாத மூங்கில், பிறந்தபோது கிடைத்த குழாய்களை வைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் காலம் தள்ள வேண்டும். எப்படித் தள்ளுகிறது? விடை இரவில் இருக்கிறது. வேர் செல்கள் உப்புகளைச் சைலத்துக்குள் ஏற்ற, அதன் பின்னாலேயே தண்ணீரும் நுழைந்து, கீழிருந்து மேலாகத் தள்ளுகிறது. இதற்கு வேர் அழுத்தம் என்று பெயர். இலைகள் ஓய்ந்திருக்கும் இரவில் இந்த அழுத்தம் குமிழிகளை நசுக்கிக் கரைத்து, அறுந்த நீர்த்தொடரை மறுபடி இணைக்கிறது. தென் சீனாவில் ஒரே இடத்தில் வளர்ந்த 59 மூங்கில் இனங்களில் இந்த இரவு அழுத்தத்தை அளந்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. எந்த இனத்துக்கு அழுத்தம் அதிகமோ, அதுவே உயரமான இனமாகவும் இருந்தது. ஒரு மூங்கில் எவ்வளவு உயரலாம் என்பதையே வேர்தான் முடிவு செய்கிறது என்றார்கள் ஆய்வாளர்கள்.

புதுக்கன்றுக்குப் பறிபோவது இந்த இரவுப் பழுதுபார்ப்புதான். வேர் போனதால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லாததால் பகலில் புகுந்த காற்று இரவில் வெளியேறுவதில்லை. நாளுக்கு நாள் அடைப்பு கூடுகிறது. இந்த நிலையில் இலையைக் கொட்டிவிடுவது செடிக்குக் கெட்டிக்காரத்தனம். நம் வறண்ட காடுகளில் வளரும் கல் மூங்கில் கோடையில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். யாரும் அதைச் செத்துப்போனதாக நினைப்பதில்லை. தோட்டத்தில் நட்ட கன்று அதே காரியத்தைச் செய்தால் மட்டும் நமக்குப் பதற்றம்.

வேர் மறுபடி வேலை தொடங்கிவிட்டதா என்று பார்க்கக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் போய் இலை நுனிகளைப் பாருங்கள். நுனியில் மட்டும் முத்துமுத்தாகத் தண்ணீர் நின்றால் அது பனித்துளி அல்ல. பனி இலை முழுக்கப் படியும். வேர் அழுத்தம் தள்ளிவிட்ட உபரித் தண்ணீர்தான் நுனி வழியே கசிந்திருக்கிறது. இலையே மிஞ்சாத கன்றில் இந்தச் சோதனை நடக்காது. அங்கே கழியின் கணுவோரம் நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்கலாம். பச்சையும் ஈரமும் இருந்தால் போதும். கழி முழுதும் வைக்கோல் நிறமாகக் காய்ந்திருந்தாலும் கிழங்கு சாகாமல் இருக்க வாய்ப்புண்டு. ஓரமாக மண்ணை விலக்கித் தொட்டால் உயிருள்ள கிழங்கு கெட்டியாக, உள்ளே வெளிறிய நிறத்தில் இருக்கும். அழுகியது கொழகொழவென்று நாறும். ஒரு மழைக்காலம் முழுதாகக் கடக்கும்வரை குழியைத் தோண்டிவிட வேண்டாம்.

கன்று எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்துக் காயமும் மாறும். பழைய முறை, தூரிலிருந்து ஒன்றிரண்டு வயதுக் கழியைக் கிழங்கோடு வெட்டி எடுத்து நடுவது. வயது முக்கியம். முதிர்ந்த கழியின் கிழங்கில் மொட்டுகள் ஏற்கெனவே முளைத்துத் தீர்ந்தோ முடங்கியோ போயிருக்கும். கழியை ஆள் உயரத்துக்குள் குறுக்கி, சில கணுக்களை மட்டும் விடுவார்கள். இரக்கமற்ற வேலையாகத் தெரியும். ஆனால் வேரைப் பாதிக்குமேல் இழந்த செடிக்கு இலைச் செலவைக் குறைத்துக்கொடுப்பதுதான் முதலுதவி. இன்னொரு வழி கழித்துண்டு. கேரளத்தில் திருச்சூர் அருகே பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், கணுவிடையின் உள்வெற்றிடத்தில் துளையிட்டு வேரூக்கி ஹார்மோன் கரைசலை ஊற்றிப் படுக்கைவாக்கில் புதைக்கும் முறையைப் பரவலாக்கியது. மூங்கிலின் வெற்றுக் கூட்டையே கரைசல் பாத்திரமாக்கிய யோசனை அது.

மூன்றாவது, திசு வளர்ப்புக் கன்று. பீமா மூங்கில் என்று விற்பனையாகும் கன்றுகள் இந்த வழியில் வருபவை. இவற்றுக்கு வேர் சேதம் குறைவு. ஆனால் வேறொரு பலவீனம் உண்டு. கண்ணாடிக் குடுவைக்குள் காற்று எப்போதும் ஈரத்தால் நிரம்பியிருக்கும். அங்கே வளர்ந்த இலை மெழுகுப் படலத்தைச் சரியாகப் பூசிக்கொள்வதில்லை. அதன் இலைத்துளைகளுக்கு மூடவும் தெரியாது. குடுவையிலிருந்து நேராக வெயிலுக்கு வந்தால் சில மணி நேரத்தில் வாடிவிடும். அதனால்தான் நிழல்வலைக் குடிலில் ஈரப்பதத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பழக்குகிறார்கள். அந்தப் பழக்கத்தில் அவசரப்பட்ட கன்று நிலத்தில் தடுமாறும். வாங்கும்போது உயரத்தைப் பார்க்காமல், எத்தனை வாரம் திறந்த வெயிலில் வைத்திருந்தார்கள் என்று கேட்பது நல்லது.

தண்ணீர் விஷயத்தில் நம் ஆட்கள் இரண்டு விதம்: மறந்துபோகிறவர்கள், மூழ்கடிக்கிறவர்கள். பையில் வந்த கன்றின் வேருருண்டை பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு கலந்தது. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்ட உருண்டையை மறுபடி நனைப்பது சிரமம். சுற்றியுள்ள களிமண் ஈரமாக இருக்க, நடுவிலுள்ள உருண்டை மட்டும் எலும்பாய்க் காய்ந்து கிடப்பது அடிக்கடி நடக்கிறது. ஆகவே முதல் சில வாரங்களுக்கு வட்டப்பாத்தியில் விடுவதோடு, தண்டின் அடியிலேயே மெதுவாக ஊற்ற வேண்டும். சொட்டுநீர் என்றால் சொட்டுவான் உருண்டையின் மேல் விழவேண்டும், ஒரு முழம் தள்ளி அல்ல. கரிசல் நிலத்தில் கதை தலைகீழ். தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்றில்லை. வேர் அழுகினால் செடி தண்ணீருக்குள் நின்றபடியே தாகத்தில் வாடும். இந்த இரண்டையும் இலையைப் பார்த்தே ஓரளவு பிரித்துவிடலாம். நண்பகலில் சுருண்ட இலை மாலையில் விரிந்தால் கவலையில்லை. காலையிலும் சுருண்டே இருந்தால் தண்ணீர் போதவில்லை. சுருளாமல் தொங்கி, மஞ்சளடித்து, மண்ணும் ஈரமாக இருந்தால் பாசனத்தை நிறுத்துங்கள்.

மூடாக்குப் போட மூங்கில் சருகே சிறந்தது. அதில் சிலிக்கா மிகுதி, மட்கும்போது மீண்டும் மூங்கிலுக்கே போகும். கரையான் தொல்லை உள்ள இடத்தில் குழி மண்ணில் வேப்பம் புண்ணாக்கு கலந்துவிட்டு மூடாக்கைத் தண்டிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கலாம். கொங்குப் பக்கம், தென்காசிப் பக்கம் நடுகிறவர்கள் அம்மியையே பறக்கவைப்பதாகப் பேர் வாங்கிய ஆடிக்காற்றைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். கழி ஆடும்போதெல்லாம் அடியில் வேருருண்டையும் அசையும். அப்போதுதான் மண்ணைப் பற்றிய வேர்த்தூவிகள் அறுந்துபோகும். முட்டுக்கொம்பு நட்டுக் கட்டுவது அழகுக்காக அல்ல. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையோடு நட்டால் இந்தக் காற்றையும் கோடையையும் ஒருசேரத் தவிர்க்கலாம்.

உரத்தைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு: வாடிய கன்றுக்கு யூரியா போடுவது நோயாளிக்கு விருந்து வைக்கிற காரியம். உப்புச்செறிவு கூடிய மண்ணிலிருந்து தண்ணீரை இழுப்பதே புண்பட்ட வேருக்குச் சிரமம். தழைச்சத்து இலையைத் தூண்டிவிட, அந்த இலைக்குத் தண்ணீர் கொடுக்க வேர் இருக்காது. குழியில் போட்ட தொழுவுரம் முதல் சில மாதங்களுக்குப் போதும். ‘வேர் டானிக்’ புட்டிகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் சில வைட்டமின் பி1ஐப் பெருமையாகப் போட்டுக்கொள்கின்றன. அந்த நம்பிக்கையின் பூர்வீகம் 1930கள். அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் ஜேம்ஸ் பானர், துண்டித்த பட்டாணி வேர்நுனிகளை ஆய்வகக் கரைசலில் வளர்த்தபோது அவற்றுக்கு பி1 தேவைப்பட்டது. காரணம் எளிது: அந்த வேர்களுக்கு மேலே இலை இல்லை. இலையுள்ள முழுச்செடி தனக்கு வேண்டிய பி1ஐத் தானே தயாரித்துக்கொள்கிறது. புட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு கட்டுத் தென்னங்கீற்று வாங்கி மேற்குப் பக்கம் நிழல் கட்டினால் பலன் நிச்சயம்.

எல்லாம் சரியாக அமைந்தால் முதலில் கிளைக்கணுக்களில் ஊசி போலப் புதுத்தளிர் தெரியும். குருத்து வர அடுத்த மழைக்காலம் வரை ஆகலாம். வருவதும் விரல் பருமனில், ஏமாற்றமளிக்கும் விதமாகத்தான் வரும். அதைக் ‘களை’ என்று வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. வெட்டாதீர்கள். சமைக்கவும் ஒடிக்காதீர்கள். அந்த மெல்லிய கழிகளின் இலைகள் சமைத்துத் தரும் மாவுச்சத்தில்தான் கிழங்கு பருக்கும். பருத்த கிழங்கிலிருந்துதான் அடுத்த ஆண்டு பருத்த குருத்து வரும். விற்பனைக்குரிய பருமன் வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை ஆட்டுக்கும் மாட்டுக்கும் குருத்தைத் தப்புவிக்க வேலி வேண்டும். மலையடிவாரமென்றால் முள்ளம்பன்றிக்கும் யானைக்கும் உங்கள் தோட்டத்து முகவரி சீக்கிரம் தெரிந்துவிடும்.

எந்தப் பராமரிப்பும் உதவாத நிலைமை ஒன்று உண்டு. மூங்கில் இனங்கள் பல, பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை சிந்தி, தூரோடு மடிந்துபோகின்றன. மிசோரத்தில் 1959இலும் 2007ஐ ஒட்டியும் காடுகாடாக அப்படிப் பூத்து அழிந்தது. அந்தக் கடிகாரம் கிழங்கோடும் கழித்துண்டோடும் பயணிக்கிறது. முதிய தூரிலிருந்து வெட்டி எடுத்த கன்று பார்வைக்குத்தான் குழந்தை. தாய்த்தூர் பூக்கும் காலத்தில் அதுவும் பூக்கலாம். புதுக்கன்றில் இலைக்குப் பதிலாகக் கணுக்கள்தோறும் உமி போன்ற பூங்கொத்து தென்பட்டால், அது நடவு அதிர்ச்சியாக இல்லாமல் இதுவாக இருக்கலாம். ஆகவே வாங்கும் இடத்தில் விலைக்கு முன்னால் தாய்த்தூரின் வயதையும், விதையிலிருந்து வந்த கன்றா என்பதையும் விசாரியுங்கள்.