நாக்கா மறைந்தது, வரி இடம் மாறியது: கார் வாங்குவோர் அறிய வேண்டிய கணக்கு

சயான்–பன்வெல் நெடுஞ்சாலை மான்குர்த்தைக் கடந்து வாஷி கழிமுகப் பாலத்தை நெருங்கும் இடத்தில், 2017ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை மும்பை மாநகராட்சியின் ஆக்ட்ராய் நாக்கா இயங்கிவந்தது. நகருக்குள் பயன்பாட்டுக்காகக் கொண்டுவரப்படும் பொருள்களுக்கு அங்கே நுழைவுத் தீர்வை வசூலிக்கப்பட்டது. பாலத்துக்கு அப்பால் நவி மும்பையில் வாங்கிய புதிய காரும் இதற்கு விலக்கல்ல. சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்த 2017 ஜூலை 1 அன்று அந்த நாக்கா தன் பணியை முடித்துக்கொண்டது.

‘இனி நாடு முழுவதும் ஒரே வரிதானே? ஊரில் வாங்கினால் என்ன, இங்கே வாங்கினால் என்ன?’ மான்குர்த், செம்பூர் பகுதிகளிலிருந்து கார்க் கடன் நாடிவரும் தமிழ்க் குடும்பத்தினர் எங்களிடம் எழுப்பும் கேள்வி இது. இதற்கான விடை பாதி ஆம், பாதி இல்லை. அந்த இரண்டாம் பாதியை அறியாமற்போனால் பெருந்தொகையை இழக்க நேரிடும்.

விற்பனை வரி கடந்துவந்த பாதை

நம் நாட்டில் பொது விற்பனை வரியை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது சென்னை மாகாணமே. மதுவிலக்கினால் குறைந்த வருவாயை ஈடுசெய்யும் பொருட்டு, இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1939இல் அதற்கான சட்டத்தைக் கொண்டுவந்தது. பின்னர் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு விகிதத்தை வகுத்துக்கொண்டது. விகிதம் குறைவான மாநிலத்தில் காரை வாங்கிச் சொந்த மாநிலத்தில் ஓட்டுவோர் பெருகவே, அதைத் தடுக்க மகாராஷ்டிரம் 1987இலும் தமிழ்நாடு 1990இலும் மோட்டார் வாகனங்களுக்கு நுழைவு வரிச் சட்டம் இயற்றின.

இந்த அடுக்குகளை எல்லாம் சரக்கு மற்றும் சேவை வரி தன்னுள் அடக்கிக்கொண்டது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறையிலுள்ள விகிதப்படி, நீளம் 4,000 மில்லிமீட்டரையும், எஞ்சின் கொள்ளளவு பெட்ரோலாயின் 1,200 சி.சி.யையும், டீசலாயின் 1,500 சி.சி.யையும் மிகாத சிறிய கார்களுக்கு 18 விழுக்காடு. பெரிய கார்களுக்கு 40 விழுக்காடு. மின்சாரக் கார்களுக்கு 5 விழுக்காடு. வாஷியில் வாங்கினாலும் திருநெல்வேலியில் வாங்கினாலும் இந்த விகிதம் மாறாது.

மாநிலத்தின் பங்கு எங்கே?

வாகனங்கள் மீது வரி விதிக்கும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டம் மாநிலங்களிடமே விட்டுவைத்துள்ளது. பதிவின்போது ஒரே தவணையில் செலுத்தும் சாலை வரி இந்த அதிகாரத்தின்கீழ் வருவது. ஆக்ட்ராய் முதலியவை நீங்கியதால் ஏற்பட்ட வருவாய் இழப்பை ஈடுகட்ட, மகாராஷ்டிர அரசு 2017 ஜூலையிலேயே இவ்வரியை இரண்டு விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்தியது. நாக்காவில் கேட்கப்பட்ட பணம் இவ்வாறு பதிவு அலுவலகத்துக்கு இடம்பெயர்ந்தது எனலாம்.

அவ்வுயர்வுக்குப்பின் தனிநபர் பெயரிலுள்ள பெட்ரோல் காருக்கு மகாராஷ்டிரத்தில் விலை 10 லட்சம் வரை 11 விழுக்காடும், 20 லட்சம் வரை 12 விழுக்காடும், அதற்கு மேல் 13 விழுக்காடும் செலுத்த வேண்டும். டீசல் காருக்கு இவை முறையே 13, 14, 15 விழுக்காடு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதம் 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 விழுக்காடு.

வரிக்கணக்கில் 12 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிரத்தில் சாலை வரி 1,44,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2,16,000 ரூபாய். வேறுபாடு 72,000 ரூபாய்.

கார் வாழும் ஊரே கணக்கு

கார் எங்கே வாங்கப்பட்டது என்பது சாலை வரியைத் தீர்மானிப்பதில்லை. உரிமையாளர் வசிக்கின்ற, வாகனம் வழக்கமாக நிறுத்தப்படுகின்ற மாநிலத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்பதே 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. எனவே மான்குர்த்வாசி வாஷியில் கார் வாங்குவதால் வரியில் மாற்றமில்லை. வடாலா அலுவலகத்தின் எம்.எச். 03 எண்ணாயினும், வாஷியின் எம்.எச். 43 எண்ணாயினும் மாநிலம் ஒன்றே.

சாலை வரி குறைவான புதுச்சேரி போன்ற இடத்தில் உறவினர் முகவரியைக் காட்டிப் பதிவுசெய்யலாமே என்று சிலர் அறிவுரை கூறுவதுண்டு. அதற்கு இணங்க வேண்டாம். பொய்யான விவரம் தந்து பெற்ற பதிவை ரத்துசெய்யச் சட்டத்தில் இடமுண்டு. அன்றியும், வேறு மாநில எண் கொண்ட வாகனத்தை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற்று, இங்குள்ள வரியையும் செலுத்தியாக வேண்டும்.

பணி ஓய்வுக்குப்பின் காருடன் சொந்த ஊர் திரும்புவோருக்கும் இதே விதிதான். பதிவுசெய்த அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெற்று, புதிய மாநிலத்தில் வரி செலுத்திப் பதிவுசெய்தபின், கழிந்த காலத்துக்குரிய பங்கு போக எஞ்சிய வரியைப் பழைய மாநிலத்திடம் திரும்பக் கோரலாம். முதலில் செலுத்துவதும் பிறகே திரும்பப் பெறுவதும் என்பதால் கையில் அதற்கான தொகை இருக்க வேண்டும். கடன் நிலுவையில் இருந்தால் தடையில்லாச் சான்றுக்கு வங்கியின் இசைவும் தேவை.

அணுசக்தி நகர் ஊழியர்களைப் போல மத்திய அரசுப் பணியிலுள்ளோர்க்கு 2021 செப்டம்பரில் அறிமுகமான ‘பி.எச்.’ வரிசைப் பதிவு ஏற்றது. மாநில அரசு, பொதுத்துறை ஊழியரும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் கொண்ட தனியார் நிறுவன ஊழியரும் இதைப் பெறலாம். மாநிலம் மாறினாலும் பதிவெண் மாறாது. வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகச் செலுத்தலாம்.

கையொப்பமிடும் முன்

விற்பனையாளரிடம் ஷோரூம் விலை, சாலை வரி, காப்பீடு, பதிவுக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதித் தரக் கேளுங்கள். விலை 10 லட்சத்தைத் தாண்டினால் வசூலிக்கப்படும் 1 விழுக்காடு, மூலத்தில் திரட்டப்படும் வருமான வரியாகும். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதை ஈடுசெய்துகொள்ளலாம். விகிதங்கள் மாநில நிதிநிலை அறிக்கைதோறும் மாறக்கூடியவை. ஆதலால் மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் ‘பரிவாகன்’ தளத்தில் அன்றைய வரியைச் சரிபாருங்கள்.

கடன் ஷோரூம் விலைக்கா, சாலை வரியும் சேர்ந்த முழுத் தொகைக்கா என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். முன்னதாயின் மேற்கண்ட 1,44,000 ரூபாய் உங்கள் சேமிப்பிலிருந்தே செல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த ஐந்தாண்டுகள் அந்தக் கார் எந்த ஊரில் நிற்கப்போகிறது என்பதைக் குடும்பத்துடன் கலந்து முடிவுசெய்யுங்கள். வண்ணத்தையும் மாடலையும் அதற்குப்பின் தேர்ந்தெடுக்கலாம்.