மெல்பர்ன்: ஒரு நகரமும் அதன் குணமும்

கடந்த ஆண்டு மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் வழி, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஒரு செமஸ்டர் தங்கிப் பயிலும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. திரும்பி வந்ததும் தோழியர் கேட்ட முதல் கேள்வி, "கங்காருவைப் பார்த்தாயா?" என்பதுதான். பார்த்தேன், மிருகக்காட்சிச் சாலையில்! ஆனால், நான் சொல்ல விரும்புவது அந்த நகரத்தைப் பற்றி. மேற்படிப்புக்கோ வேலைக்கோ அங்குச் செல்ல எண்ணுவோர் நம்மில் பலர் உள்ளனர். அவர்களுக்கு இக்கட்டுரை ஓரளவாவது பயன்படும் என நம்புகிறேன்.

தோற்றம்

மெல்பர்ன், விக்டோரியா மாநிலத்தின் தலைநகரம். யாரா நதி போர்ட் பிலிப் விரிகுடாவில் கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பெருநகர்ப் பகுதியில் ஏறத்தாழ 49 லட்சம் மக்கள் வாழ்ந்தனர்.

இந்நிலம் குலின் எனப்படும் பூர்வகுடி மக்களுக்கு உரியது. 1835-இல் ஜான் பேட்மன் என்பவர் போர்வை, கத்தி, கோடரி, மாவு போன்ற பொருள்களைக் கொடுத்து, லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்துக்கு அம்மக்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதே ஆண்டில் ஆளுநர் போர்க் அதனைச் செல்லாது என அறிவித்தார். பூர்வகுடிகள் ஏமாற்றப்பட்டார்கள் என்பதற்காக அல்ல. நிலம் முழுவதும் பிரிட்டிஷ் அரசுக்கே சொந்தம் என்பதற்காக! இன்று அங்குக் கூட்டங்களைத் தொடங்கும் முன், நிலத்தின் மூத்த உரிமையாளர்களுக்கு மரியாதை தெரிவிக்கிறார்கள். என் முதல் விரிவுரையும் அப்படித்தான் தொடங்கியது.

1837-இல் அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் மெல்பர்ன் பிரபுவின் பெயர் ஊருக்குச் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் ராபர்ட் ஹோடல் என்ற நில அளவையாளர் சதுரங்கப் பலகை போல வீதிகளை வகுத்தார். பெரிய வீதிகளின் அகலம் 99 அடி. அவற்றுக்கு இடையே 33 அடி அகலத்தில் சிறு வீதிகள். பின்னர் மனைகள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட, பின்வாசலுக்கு வழி வேண்டிச் சந்துகள் தோன்றின. சுவரோவியங்களும் காப்பிக் கடைகளும் நிறைந்து, இன்று சுற்றுப்பயணிகளை ஈர்ப்பவை அச்சந்துகளே.

1851-இல் விக்டோரியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து குவிந்தனர். லிட்டில் போர்க் வீதியிலுள்ள சீனர் பகுதி அக்காலத்தில் தோன்றியதாகும். தங்கத்தின் செல்வம்தான் 1853-இல் பல்கலைக்கழகத்தையும் 1856-இல் மாநில நூலகத்தையும் கட்டியெழுப்பியது. 1901 முதல் 1927 வரை நாட்டின் நாடாளுமன்றமும் இங்குதான் கூடியது. தலைநகர் பதவிக்குச் சிட்னியும் மெல்பர்னும் போட்டியிட்டதால், இரண்டுக்கும் இடையே கான்பரா என்ற புதிய ஊரையே உருவாக்க வேண்டியதாயிற்று. அந்தப் போட்டி மனப்பான்மை இன்னும் ஓயவில்லை. சிட்னியைப் புகழ்ந்தால் மெல்பர்ன்வாசிகளின் முகம் சற்று மாறும்!

ஒரே நாளில் நான்கு பருவங்கள்

நான் ஜூலையில் சென்றிறங்கினேன். நமக்கு வெயில் கொளுத்தும் அம்மாதம் அங்குக் குளிர்காலம். காலையில் வெயில், நண்பகலில் மழை, மாலையில் எலும்பைத் துளைக்கும் காற்று என ஒரே நாளில் அனைத்தையும் அனுபவித்தேன். இதற்குக் காரணம் உண்டு. வடக்கே கண்டத்தின் வறண்ட உள்நிலம். தெற்கே குளிர்ந்த தென்பெருங்கடல். காற்று வடக்கிலிருந்து வீசினால் வெப்பம். தென்மேற்குக்குத் திரும்பினால் சற்று நேரத்திலேயே குளிர். கோடையில் இம்மாற்றம் இன்னும் கடுமையாக இருக்குமாம். எனவே, அங்குச் செல்வோர் எக்காலத்திலும் குளிர்ச்சட்டை ஒன்றைப் பையில் வைத்திருப்பது நலம்.

டிராமும் திடலும்

டிராம் வண்டிதான் இந்நகரின் அடையாளம். ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளமுள்ள இதன் தடம் உலகிலேயே மிகப் பெரியது எனப்படுகிறது. கார்களுக்கு இடம்விட்டுப் பல நகரங்கள் டிராமைக் கைவிட்டன. சிட்னியும் 1961-இல் அதன் பழைய டிராம் சேவையை நிறுத்தியது. மெல்பர்ன் மட்டும் விடவில்லை. ஹோடல் வகுத்த அகன்ற வீதிகளும் அதற்குத் துணைநின்றன. நகர மையத்தின் பல சந்திப்புகளில், வலப்பக்கம் திரும்ப வேண்டிய கார் இடப்பக்க ஓரத்துக்குச் சென்று காத்திருந்து, விளக்கு மாறிய பின்னரே திரும்ப வேண்டும். நடுவே ஓடும் டிராமை மறிக்கக் கூடாதல்லவா? 2015 முதல் நகர மையத்துக்குள் டிராமில் இலவசமாகவே பயணம் செய்யலாம்.

ஆனால், நகர மையம் மட்டுமே மெல்பர்ன் அன்று. நான் தங்கியிருந்த டெண்டினோங், மையத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. டிராம் அங்கு வருவதில்லை. இரயில் தடங்களோ பெரும்பாலும் மையத்தை நோக்கியே செல்கின்றன. பக்கத்துப் புறநகருக்குப் போகக் கார் இல்லாமல் சிரமப்பட்டேன். 2011 முதல் 2017 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் உலகில் வாழ்வதற்கு மிக உகந்த நகரம் எனப் பட்டியலிடப்பட்ட ஊர் இது. அப்பெருமையை மையத்தில் இருப்பவரும் புறநகரில் இருப்பவரும் ஒரே அளவில் உணர்வதில்லை என்பது என் கருத்து.

இந்நகர மக்களுக்கு விளையாட்டு உயிர். உலகின் முதல் டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டம் 1877-இல் மெல்பர்ன் கிரிக்கெட் திடலில் நடந்தது. 1956 ஒலிம்பிக்கின் முதன்மை அரங்கமும் அதுவே. நவம்பர் முதல் செவ்வாயன்று நடைபெறும் குதிரைப் பந்தயத்துக்குப் பொது விடுமுறையே விடுகிறார்கள்! அதே மக்கள் நூலகத்திலும் நிறைந்திருப்பார்கள். மாநில நூலகத்தில், 1913-இல் திறக்கப்பட்ட குவிமாட வாசிப்புக் கூடத்தில் யாரும் கட்டணமின்றி அமர்ந்து படிக்கலாம். 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை இலக்கிய நகராக அறிவித்தது.

மொழியால் பூட்டிய கதவு

மெல்பர்னில் கூடிய அதே நாடாளுமன்றம்தான் 1901-இல் குடிநுழைவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. வந்திறங்கும் ஒருவரை ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் சொல்வதெழுதச் சொல்லலாம். எந்த மொழி என்பதை அதிகாரியே முடிவு செய்வார். வெள்ளையர் அல்லாதவரைத் தடுப்பதே அதன் நோக்கம். வேண்டாத வெள்ளையர் மீதும் அது பாய்ந்தது. 1934-இல் எகோன் கிஷ் என்ற எழுத்தாளர், தரையிறங்க அனுமதி மறுக்கப்பட்டு, மெல்பர்ன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டார். பல மொழிகள் அறிந்த அவருக்குச் சிட்னியில் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் சோதனை வைத்தார்கள்! அச்சோதனை 1958-இல் நீக்கப்பட்டது. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை 1973-இல் முடிவுக்கு வந்தது.

அந்நகரில் இன்று தமிழ் எப்படி இருக்கிறது? 1983-க்குப் பிறகு இலங்கைத் தமிழர் பலர் அங்குக் குடியேறினர். பின்னர்த் தமிழகத்திலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் பலர் சென்றனர். 12-ஆம் ஆண்டு மாணவர்கள் எழுதும் வி.சி.இ. தேர்வில் தமிழும் ஒரு பாடம். ஒரு காலத்தில் மொழிச் சோதனை வைத்து ஆட்களைத் துரத்திய நாட்டில், இன்று தமிழில் சோதனை எழுதிப் புள்ளி பெறலாம்!

நான் தங்கியிருந்த வீட்டில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பெற்றோர் யாழ்ப்பாணத்தார். சனிக்கிழமை தோறும் குளிரில் எழுந்து தமிழ் வகுப்புக்குச் செல்வாள். ஒருநாள் என்னிடம், "மலேசியாவில பள்ளிக்கூடத்திலயே தமிழ் படிப்பிக்கினமாம். நீங்கள் கடைசிச் சோதனையில தமிழ் எடுத்தனீங்களா, அக்கா?" என்று கேட்டாள்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றவள். தேசிய இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் வரை தமிழ் படித்தேன். நான்காம் படிவத்தில் கைவிட்டேன். வகுப்பு மாலையில் நடந்தது. தேர்ச்சி விழுக்காடு கெட்டுவிடும் என்ற பயம் வேறு. யாரும் என்னைத் தடுக்கவில்லை. கதவை நானே சாத்திக்கொண்டேன். அவளிடம், "இல்லைம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் மேலும் ஏதும் கேட்கவில்லை. அன்றிரவு அவளுடைய பயிற்சித் தாளை வாங்கி எழுதிப் பார்த்தேன். ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தித் தந்தவள் அவள்தான்!

மூன்றாம் படிவத்துக்குப் பின் நான் தமிழில் எழுதும் முதல் நீண்ட கட்டுரை இது. பிழை இருப்பின் பொறுத்தருள்க. மெல்பர்ன் செல்லும் நண்பர்கள் டிராமில் ஏறுங்கள், நூலகத்தில் அமருங்கள், குளிர்ச்சட்டையை மறவாதீர்கள். எஸ்.பி.எம். எழுதவிருக்கும் தம்பி தங்கையர் வீட்டில் இருந்தால், தமிழை எடுக்கச் சொல்லுங்கள்.