பிற்றுத் தொடையில் நிலைமாற்றம்

தொடையொன்றைப் பற்றி எழுப்பக்கூடிய முதல் வினா, குறித்த ஒரு மூலகம் அதில் உளதா, இலதா என்பதே. விடை இரண்டிலொன்றாகவே அமையுமாதலின், மூலகத்துக்கு ஒரு பிற்று வீதம் ஒதுக்கி, உளதாயின் 1 எனவும் இலதாயின் 0 எனவும் குறித்துவிடலாம். கணினியியலார் பிற்றுத் தொடை என வழங்குவது இதனையே. 0, 2, 3 ஆகியவற்றைக் கொண்ட தொடையை, வலமிருந்து இடமாக இடங்களை எண்ணி, 00001101 என எழுதலாம். தசம முறையில் இது 13.

இத்தொடையில் மூலகத்தைச் சேர்த்தலும் நீக்கலும் எளியன. இங்கு நம் கவனத்துக்குரியது நிலைமாற்றல். உள்ளதை இல்லதாக்கி, இல்லதை உள்ளதாக்கும் இச்செய்கை எக்ஸ்-ஓர் என்னும் தருக்கச் செயலால் நிகழ்வது. இரு பிற்றுகள் வேறுபடின் 1, ஒத்திருப்பின் 0 என்பது அதன் விதி. 2ஆம் இடத்தில் மட்டும் 1 உடைய 00000100 என்பதை 13உடன் இவ்வாறு இணைப்பின் 9 பெறப்படும். 2 என்னும் மூலகம் நீங்கிவிட்டது. மறுமுறை இணைப்பின் 13 மீளும். தொடைக் கணிதத்தின் சமச்சீர் வித்தியாசமும் இதுவே.

மாடிப்படியின் மேலும் கீழும் உள்ள இரு ஆளிகளால் ஒரே விளக்கை இயக்குவோர் இவ்விதியை நாளாந்தம் கையாளுகின்றனர். ஜோர்ஜ் பூல் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த தருக்க அட்சரகணிதம் ஆளிச் சுற்றுகளுக்குப் பொருந்துமென்பதைக் குளோட் ஷனன் 1937இல் தமது முதுமாணி ஆய்வேட்டில் நிறுவினார். ஆஸ்கி குறிமுறையில் ஆங்கிலப் பெரிய ஏ 65, சிறிய ஏ 97. வேறுபாடு 32, அதாவது ஒரேயொரு பிற்று. அதனை நிலைமாற்றினால் எழுத்தின் வடிவம் மாறிவிடும். பெரிதும் சிறிதும் என்ற பேதமறியாத நம் எழுத்துக்கு இவ்வசதி வேண்டப்படுவதில்லை!

பெரிய தொடைகளுக்கு ஒரு சொல் போதாது. 64 பிற்றுச் சொற்களாயின், 150ஆம் மூலகத்துக்கு 150ஐ 64ஆல் வகுக்க ஈவு 2, மீதி 22. ஆகவே 2ஆம் சொல்லின் 22ஆம் பிற்று. இவ்விடத்தில் மாணவர் பலர் இடறுவர். யாவா மொழியில் 32 பிற்று முழுவெண்ணாகிய 1ஐ 40 இடங்கள் நகர்த்தினால், மொழி 40ஐ 32ஆல் வகுத்த மீதியையே கொள்ளும். 40ஆம் பிற்றுக்குப் பதிலாக 8ஆம் பிற்று மாறும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது.

இதனினும் பாரதூரமான இடர் ஒன்றுண்டு. வாக்காளர் இடாப்பில் ஒருவர் பெயர் உளதென்பதை ஒரு பிற்று குறிப்பதாகக் கொள்வோம். "சேர்" என்னும் கட்டளை இருமுறை வந்தடைந்தாலும் பெயர் நிலைக்கும். "நிலைமாற்று" என்பது இருமுறை வந்தால் முதற் செயலை இரண்டாவது அழித்துவிடும். வலையமைப்பில் மறுமொழி தவறும்போது கட்டளையை மீள அனுப்புவது வழமையாதலின், இது வெறுங் கற்பனையன்று. மனிதரின் உரிமை தங்கியிருக்கும் பதிவேடுகளில் நிலைமாற்றலைக் கையாளலாகாது என்பதே எமது கருத்து. சேர்த்தல், நீக்கல் எனத் தெளிவாகக் கட்டளையிடுதலே தகும். அப்போதும், இரு நிரல்கள் ஒரே சொல்லை ஒருங்கே வாசித்து, தத்தம் பிற்றை மாற்றித் திருப்பி எழுதின், பிந்தி எழுதியது முந்தியதை விழுங்கிவிடும். வாசித்தலும் மாற்றலும் எழுதலும் பிரிக்கவியலாத ஒரே செயலாக நடைபெறும் கட்டளையையோ, ஒருவர் முடிக்கும்வரை மற்றவரைத் தடுத்து வைக்கும் பூட்டையோ நாடுவது அதனாலேயே.