2,000 ஆர்பிஎம்மில் எவ்வளவு?

கார் விளம்பரங்களில் குதிரைத்திறன் பெரிய எழுத்தில் இருக்கும். அது எந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு) கிடைக்கிறது என்பது பொடி எழுத்தில். கார் வாங்கப் போகிறவர் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான்.

2021 மாருதி ஸ்விஃப்ட்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் ஏறக்குறைய 90 குதிரைத்திறன் தரும். உச்ச முறுக்குவிசை 113 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,400 ஆர்பிஎம்மில். ஹூண்டாய் கிராண்ட் ஐ10 நியோஸில் 2020-இல் வந்த 1 லிட்டர் டர்போ 4,500-இல் 100 குதிரைத்திறன் தரும். 1,500 முதல் 4,000 வரை 172 நியூட்டன் மீட்டர். குதிரைத்திறனில் வித்தியாசம் பத்துதான்.

ஆனால் ஊருக்குள் யாரும் 6,000-இல் ஓட்டுவதில்லை. முறுக்குவிசை என்பது கிராங்க் ஷாஃப்ட்டைத் திருகும் பலம். அதை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வந்துவிடும். 2,000 ஆர்பிஎம்முக்குப் போட்டுப் பாருங்கள்: நியோஸுக்கு 49. ஸ்விஃப்ட் தன் உச்ச 113-ஐ அங்கேயே தந்தாலும் 32-ஐத் தாண்டாது. பத்து என்று நினைத்த வித்தியாசம் பதினேழாகிவிட்டது!

காரணம் காற்று. ஸ்விஃப்ட்டில் பிஸ்டன் கீழிறங்கும்போது உறிஞ்சும் காற்றுதான் சிலிண்டருக்குள் போகும். டர்போவில் புகைக்குழாய் வழியாக வெளியேறும் வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். காற்று கூடினால் எரிக்கும் பெட்ரோலும் கூடும்.

4,400-ஐத் தாண்டியதும் ஸ்விஃப்ட்டில் நடப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வால்வு திறந்திருக்கும் நேரம் குறைவதால் சிலிண்டர் முழுதாக நிரம்பாது. 6,000-இல் முறுக்குவிசை சுமார் 105-க்கு இறங்கிவிடும். ஆனாலும் சுற்று அதைவிட வேகமாகக் கூடுவதால் குதிரைத்திறன் 71-லிருந்து 90-க்கு ஏறுகிறது.

அதனால் ஸ்விஃப்ட் சோடையான இன்ஜின் இல்லை. மலைப்பாதையில் ஒரு கியர் குறைத்து 5,000-க்கு மேல் கொண்டுபோனால் நன்றாகவே இழுக்கும். டர்போவோ 1,500-க்குக் கீழே சற்று மந்தம்தான்; வளைவில் அந்த அளவுக்கு இறங்கிவிட்டால் அதிலும் கியரைக் குறைத்தே ஆகவேண்டும். டெஸ்ட் டிரைவ் போகும்போது மூன்றாவது கியரில் முள் 2,000-இல் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பாருங்கள், முடிந்தால் ஆள் ஏற்றிக்கொண்டு.