கால் மாத்திரையும் குடல் மாத்திரையும்

'அல்சரேட்டிவ் கொலைடிஸ்' என்னும் பெருங்குடல் அழற்சியோடு மும்பையில் பல வருடங்களாகக் குடித்தனம் நடத்துகிறேன். மெசலமைனும் அஸாதயோப்ரினும் தினசரி மாத்திரைகள்.

ஒரு கோடை விடுமுறையில் கும்பகோணம் போயிருந்தபோது கால் கட்டைவிரல் வீங்கிவிட்டது. யூரிக் அமிலம் அதிகம் என்றார் அங்குள்ள டாக்டர். வலி தணிந்த பிறகு, அது குறைய அலோபியூரினால் எழுதிக் கொடுத்தார். "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று அவர் கேட்கவில்லை. காலுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் சொல்லவில்லை.

மும்பை திரும்பிய சில வாரங்களில் கடும் காய்ச்சல், வாயெல்லாம் புண். ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தது 4,000 இருக்க வேண்டும், எனக்கு 1,800! மாத்திரை அட்டைகளைப் பார்த்ததுமே டாக்டருக்குப் புரிந்துவிட்டது.

அஸாதயோப்ரின் உடலுக்குள் மெர்காப்டோப்யூரினாக மாறுகிறது. அதைச் சிதைக்கும் நொதி ஒன்றை அலோபியூரினால் முடக்கிவிடுகிறது. மருந்தின் வீரியம் பல மடங்காகி, வெள்ளணுக்களை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜையைத் தாக்குகிறது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு மருந்துகளும் ஒரே ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. அங்கே பணியாற்றிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் 1988-ல் நோபல் பரிசு பெற்றார்கள். மெர்காப்டோப்யூரின் சீக்கிரம் சிதையாமல் இருக்க உதவுமா என்றுதான் அலோபியூரினாலை முதலில் சோதித்தார்கள்!

இரண்டையும் சேர்த்துத் தரவே கூடாது என்பதில்லை. நிபுணர்கள் அஸாதயோப்ரின் அளவை நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்து, அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து தருவதுண்டு. நாமாகக் கூட்டுவதும் நிறுத்துவதும்தான் ஆபத்து.

நல்லவேளையாகப் பிழைத்தேன். கற்ற பாடங்கள் இவை:

கண், பல், கால் என எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் காட்டுங்கள். நாட்டு மருந்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வாங்காதீர்கள். குடல் நோயைக் கிளறிவிடலாம்.

மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவர்களுக்கு கோட்ரைமாக்ஸசோல் ஆபத்தானது.

எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் தடுப்பூசிக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். உயிருள்ள கிருமியால் செய்த ஊசிகள் பொதுவாகக் கூடாது.

நம்மைப் போன்றவர்களுக்கு இங்கே ஒரு டாக்டர், ஊரில் ஒரு டாக்டர். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இருவரையும் பார்ப்பது நாம் ஒருவர்தான். ஊருக்கு ரயில் டிக்கெட் எடுக்கும்போதே மருந்துப் பட்டியலையும் எழுதிப் பர்ஸில் வைத்துவிடுங்கள்.